ஸ்டியரிங்கைக் கழற்றி ஜாய்ஸ்டிக்கை மாட்டினால்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும் காரில் ஸ்டியரிங்கை ஒரே ஒரு டிகிரி திருப்பினால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங் விகிதம் 16:1 என்று வைத்துக்கொண்டால் முன்சக்கரம் திரும்புவது 0.06 டிகிரி. பக்கவாட்டு விசை 0.02 ஜி-யைக்கூடத் தொடாது (ஒரு ஜி என்பது நம் எடைக்குச் சமமான விசை). தும்மினாலே கை அதைவிட அதிகம் ஆடும்.

இப்போது அதே காரில் ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு, இருபுறமும் 25 டிகிரி சாயும் ஜாய்ஸ்டிக் ஒன்றை வைக்கிறோம். முன்சக்கரம் ஒரு பக்கத்துக்கு 35 டிகிரி வரை திரும்பும். இரண்டையும் நேர்விகிதத்தில் இணைத்தால், ஜாய்ஸ்டிக்கின் ஒரு டிகிரிக்குச் சக்கரம் 1.4 டிகிரி திரும்பும், அதாவது விகிதம் 0.7:1. அதே 100 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 0.4 ஜி. தடத்தின் அகலம் 3.5 மீட்டர், காரின் அகலம் 1.75 மீட்டர் என்றால் நடுவில் போகும்போது இருபுறமும் மிஞ்சுவது 87 செ.மீ. விரல் நுனியில் ஒரு டிகிரி தவறி, அதைத் திருத்தாமல் பிடித்திருந்தால் முக்கால் நொடிக்குள் கார் பக்கத்துத் தடத்தில் இருக்கும்.

(சக்கர இடைத்தூரம் 2.6 மீட்டர், கொஞ்சம் அண்டர்ஸ்டியர் குணம் (வேகத்தில் திருப்பியதைவிடக் குறைவாக வளையும் குணம்) உள்ள சாதாரணக் குடும்பக் காரை வைத்துப் போட்ட கணக்கு இது. வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் எந்த வண்டியிலும் 16-க்கும் 0.7-க்கும் இடையிலான தூரம் குறைந்துவிடாது.)

ஜாய்ஸ்டிக் கார் என்றாலே பேச்சு மின்னணுவியல் பக்கம் போய்விடுகிறது. 'ஒயர் அறுந்தால் என்ன ஆகும்', 'சாப்ட்வேர் தொங்கினால் என்ன ஆகும்' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான், கீழே வரும். ஆனால் அவற்றுக்கு விமானத்துறை 40 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டது. கையின் சின்ன அசைவு எவ்வளவு பெரிய திருப்பமாக வேண்டும் என்பதுதான் இன்னும் முழுதாகத் தீராத கணக்கு. ஸ்டியரிங் சக்கரம் அந்தக் கணக்கை வெறும் பற்சக்கரத்தால் தீர்த்து வைத்திருக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு சுமார் மூன்று சுற்று, அதாவது 1,080 டிகிரி. அவ்வளவு நீளமான அளவுகோலை 50 டிகிரிக்குள் மடித்து வைக்க வேண்டும் என்பதே ஜாய்ஸ்டிக்கின் பிரச்சினை.

வரலாற்றில் இது திரும்பிப் போகும் பயணமும்கூட. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, படகுச் சுக்கான் போன்ற கைப்பிடிதான். 1901-இன் ஓல்ட்ஸ்மொபைல் கர்வ்டு டாஷும் அப்படித்தான். மாட்டுவண்டி வேகத்துக்கு அது போதும். 1894 பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃப்ரெட் வாஷெரோன் தன் பனார் வண்டியில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் வேகம் ஏற ஏறச் சுக்கான்பிடி ஒழிந்தது. அன்று அது ஒழிந்த காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது.

முயன்று பார்த்தவர்கள்

ஜெனரல் மோட்டார்ஸ் 1959-இல் காட்சிக்கு வைத்த ஃபயர்பேர்டு 3-இல் இரு இருக்கைகளுக்கு நடுவே 'யூனிகன்ட்ரோல்' என்ற ஒற்றைக் குச்சி இருந்தது. முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும், பக்கவாட்டில் சாய்த்தால் திரும்பும். சாப் நிறுவனம் 1992-இல் ஐரோப்பிய பிரோமிதியஸ் திட்டத்துக்காக ஒரு சாப் 9000 காரின் ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு நடுவில் ஜாய்ஸ்டிக் வைத்தது. மெர்சிடிஸ் 1996 பாரிஸ் கண்காட்சியில் எஃப்200 காரைக் கொண்டுவந்தது. அதில் கதவில் ஒரு குச்சி, நடு மேடையில் ஒரு குச்சி, பெடல்களே கிடையாது. 2002-இன் ஜிஎம் ஹை-வயரில் இரண்டு கைப்பிடிகள். முறுக்கினால் வேகம், அழுத்தினால் பிரேக்.

நான்கும் கடைக்கு வரவில்லை. கனவுக் கார்கள் கடைக்கு வராதது புதுமையல்ல என்பது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் காட்சிக்கு வந்த ஏபிஎஸ், வழிகாட்டித் திரை, தானே தூரம் காக்கும் க்ரூஸ் எல்லாம் கடைக்கு வந்துவிட்டன. குச்சி மட்டும் வரவில்லை.

வேகத்துக்கு ஒரு விகிதம்

நேர்விகிதம் உதவாது என்பதால் வேகத்தைப் பொறுத்து விகிதத்தை மாற்ற வேண்டும். இதற்கு நல்ல தொடக்கப்புள்ளி ஒன்று உண்டு. ஜாய்ஸ்டிக்கை முழுவதும் சாய்த்தால் எந்த வேகத்திலும் பக்கவாட்டு விசை 0.8 ஜி-யைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வது. காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயரின் பிடி ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. மேலே சொன்ன காருக்குக் கணக்குப் போட்டால் முழுச் சாய்வுக்கான சக்கரக் கோணம் இப்படி வரும்: 10 கி.மீ. வேகத்தில் முழு 35 டிகிரி, 30-இல் 18, 50-இல் 7.4; 80-இல் 3.7, 100-இல் 2.9, 120-இல் 2.4.

இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். சந்து திரும்பும் கார் வேறு, நெடுஞ்சாலைக் கார் வேறு. இரண்டும் ஒரே குச்சியில் இருக்கின்றன. 100 கி.மீ. வேகத்தில் ஒரு டிகிரிச் சாய்வு இப்போது 0.03 ஜி தரும். கை தாங்கக்கூடிய அளவு. இதன்மேல் நடுவில் அரை டிகிரிச் செத்த இடம் (குச்சி அசைந்தாலும் சக்கரம் அசையாத இடம்) விட வேண்டும், இல்லையென்றால் கையின் நடுக்கமெல்லாம் சக்கரத்துக்குப் போகும். அதன் பிறகு வளைகோடு: பாதிச் சாய்வில் பாதித் திருப்பம் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும், மீதி கடைசிப் பகுதியில் வரட்டும். ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு இந்த வளைகோடு நன்றாகப் பழக்கம்.

இதோடு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் மாட்டிக்கொள்கின்றன. இப்படி அமைத்த ஜாய்ஸ்டிக் இனி சக்கரத்தின் கோணத்தைச் சொல்வதில்லை, பக்கவாட்டு விசையைச் சொல்கிறது. 80 கி.மீ. வேகத்தில் 0.4 ஜி-யில் ஒரு வளைவு எடுக்கிறோம். வளைவின் ஆரம் 126 மீட்டர். நடுவில் ஏதோ தெரிகிறது, பிரேக் பிடித்து 40-க்குக் கொண்டுவருகிறோம். குச்சியை அசைக்கவில்லை. விசை அதே 0.4 ஜி-யாக இருக்கும்படி கணினி சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே வரும். வேகம் பாதியானால் ஆரம் கால்பங்கு, அதாவது 31 மீட்டர். கார் வளைவின் உள்பக்கம் மடங்கி எதிர்த்தடத்துக்கோ ஓரக் கட்டைக்கோ போகும். சாதாரண ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்திருந்தால் ஆரம் 126-லிருந்து 90 மீட்டர் சொச்சத்துக்குத்தான் குறையும். அது நம் கைக்குப் பழகிப்போனது.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள். வேகம் குறையும்போது விகிதம் மெதுவாக மட்டுமே மாறும்படி, நொடிக்கு இவ்வளவுதான் என்று கட்டுவது ஒன்று. ஜாய்ஸ்டிக் சாய்ந்திருக்கும் வரை விகிதத்தை உறையவைத்து, நடுவுக்கு வந்ததும் புதுப்பிப்பது இன்னொன்று. முதலாவது பாதுகாப்பானது, ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி உடனே யூ-டர்ன் எடுக்கும்போது 'வண்டி திரும்ப மாட்டேங்குது' என்ற புகார் வரும். இரண்டாவது வட்டச் சந்திப்புகளில் சொதப்பும், ஏனென்றால் அங்கே குச்சி நடுவுக்கே வராது. முதல் வழியை எடுத்துக்கொண்டு அந்தப் புகாரைச் சகித்துக்கொள்வதே மேல்.

சறுக்கல் இன்னொரு தலைவலி. பின்பக்கம் வழுக்கினால் எதிர்த்திசையில் 10, 15 டிகிரி உடனே திருப்ப வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் நாம் கொடுத்திருப்பதோ 2.9 டிகிரி. ஆகவே காரின் சுழல்வேகமானி சொல்லும் சுழற்சியும் சக்கரக் கோணத்துக்கு வர வேண்டிய சுழற்சியும் பொருந்தாத நொடியில் அந்த வரம்பைத் தளர்த்த வேண்டும். இங்கே குச்சிக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு. 15 டிகிரி எதிர்த்திருப்பத்துக்கு ஸ்டியரிங்கில் கை 240 டிகிரி சுற்ற வேண்டும். குச்சியில் மணிக்கட்டு அசைந்தால் போதும். ஆனால் சறுக்கல் முடிந்ததும் வரம்பு எப்போது திரும்ப மூடவேண்டும் என்பது கத்திமேல் நடப்பது. கொஞ்சம் தாமதமானால் கார் மறுபக்கம் விசிறும்.

உடம்பே குச்சியைத் தள்ளும்

கார் இடப்பக்கம் திரும்பினால் உடல் வலப்பக்கம் சாயும். கையும் சேர்ந்து சாயும். ஸ்டியரிங் சக்கரத்தில் இரண்டு கைகளும் எதிரெதிரே இருப்பதால் இந்தத் தள்ளல் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடும். பக்கவாட்டில் தள்ளினால் சக்கரம் சுற்றாது. குச்சிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உடல் போகும் திசையும் குச்சி சாயும் திசையும் ஒன்று. இடப்பக்கம் திருப்பினால் கை குச்சியை வலப்பக்கம் இழுத்து நேராக்கப் பார்க்கும். நேரானதும் உடல் திரும்ப வரும். குச்சி மறுபடி போகும். பள்ளத்தில் விழுந்து எழும்போது இது அலையாகவே வரும். காரின் உடல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும். மனிதக் கையும் குச்சியும் சேர்ந்த அமைப்பு நொடிக்குச் சில முறை ஆடக்கூடியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

வடிகட்டி போட்டு வெட்டலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. 5 ஹெர்ட்ஸில் வெட்டும் எளிய வடிகட்டி ஏறக்குறைய 32 மில்லிநொடி தாமதத்தைக் கூட்டும். சென்சார், கணினி, மோட்டார் தாமதங்களோடு சேர்ந்து 100 மில்லிநொடியைத் தொட்டால், 100 கி.மீ. வேகத்தில் கார் 2.8 மீட்டர் போன பிறகுதான் சக்கரம் அசையத் தொடங்கும். ஓட்டுநர் 'இன்னும் திரும்பலையே' என்று கூடுதலாகச் சாய்ப்பார், பிறகு அதிகமாகிவிட்டது என்று திருப்புவார். ஸ்வீடனின் சாலை ஆய்வு நிறுவனமான விடிஐ, உடல் ஊனமுற்றோர் ஓட்டும் ஜாய்ஸ்டிக் கார்களை 1990-களின் இறுதியிலிருந்து ஆராய்ந்தது. அங்கே திரும்பத் திரும்ப வந்த குறைகள் இரண்டு: தாமதம், திருப்புவதும் வேகம் கூட்டுவதும் ஒன்றோடொன்று குழம்புவது.

வடிகட்டியைவிடக் கைவைக்கும் இடம் முக்கியம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முழுவதும் தாங்கும் பலகை வேண்டும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். குச்சி சாயும் அச்சு மணிக்கட்டின் உயரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். குச்சி நீளமாக நீளமாகத் தோள் வேலை செய்யத் தொடங்கும், தோள் வேலை செய்தால் உடல் ஆட்டம் முழுவதும் குச்சிக்கு வரும்.

முன்பின் அசைவைப் பற்றி ஒரு விஷயம். படம் போடுபவர்கள் எல்லோரும் முன்னால் தள்ளினால் ஓட வேண்டும் என்றே வரைகிறார்கள். பிரேக் பிடித்தால் உடல் முன்னால் விழும். கை குச்சியை முன்னால் தள்ளும். வண்டி 'ஓடு' என்று புரிந்துகொள்ளும். இடிக்கப் போகும் நேரத்தில் இதைவிட மோசமான பழக்கம் வேறில்லை. கால் இயங்காதவர்களுக்கான கைநெம்புகோல்களில் முன்னால் தள்ளினால் பிரேக் என்றே பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறார்கள். உடல் விழுந்தால் பிரேக் இன்னும் இறுகும். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் சொல்லித்தராமல் பட்டறைகள் கற்ற பாடம் அது.

கைக்கு என்ன சொல்வது

சாதாரண ஸ்டியரிங்கை விட்டால் தானே நேராகும். முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வும் (காஸ்டர்), டயர் தானே நேராகப் பார்க்கும் முறுக்கும் செய்யும் வேலை அது. மழையில் டயர் பிடி குறையும்போது ஸ்டியரிங் லேசாகிவிடும். அனுபவமுள்ள கைக்கு அதுவே எச்சரிக்கை. இயந்திர இணைப்பு போனால் இந்தச் சேதி எல்லாம் போய்விடும். ஒரு மோட்டார்தான் அதைத் திரும்ப உருவாக்க வேண்டும்.

வெறும் ஸ்பிரிங் வைத்தால் போதாதா என்றால், வேகம் குறைந்த இடத்தில் போதும். எஃப்-16 போர்விமானத்தில் முதலில் அசையவே அசையாத குச்சியைத்தான் வைத்தார்கள், அழுத்தும் விசையை மட்டும் அளந்தது. விமானிகளுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே பிடிபடவில்லை. பிறகு கால் அங்குலம் போல அசையவிட்டார்கள். ஏர்பஸ் ஏ320 (முதல் பறத்தல் 1987) பக்கவாட்டுக் குச்சியில் ஸ்பிரிங்தான். விமானத்துக்குச் சரி, வானத்தில் 87 செ.மீ. இடைவெளியில் யாரும் பறப்பதில்லை. விமானத்தில் நடக்கிறதே, காரில் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் இந்த 87 செ.மீ.-ஐ மறந்துவிடுகிறார்கள்.

சித்ரோயன் எஸ்எம் (1970) இதில் கவனிக்க வேண்டிய கார். அதன் டிராவி ஸ்டியரிங் கோடிக்குக் கோடி இரண்டே சுற்று, வண்டி நின்றிருந்தாலும் ஹைட்ராலிக் அழுத்தத்தால் தானே நேராகும், வேகம் ஏற ஏறக் கனக்கும். சாலையின் சேதி கைக்கு வராது. முதல்முறை ஓட்டியவர்கள் திகைத்தார்கள், பழகியவர்கள் வேறு கார் பிடிக்கவில்லை என்றார்கள். செயற்கை விசையும் பழகும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அங்கேயும் இரண்டு சுற்று, 720 டிகிரி இருந்தது.

மோட்டாரும் மின்சாரமும்

இதை யாரும் பேசுவதில்லை. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப ஸ்டியரிங் ரேக்கில் (சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளும் பற்கள் கொண்ட தண்டில்) சுமார் 8 கிலோநியூட்டன் விசை வேண்டும் என்று வைப்போம். நடுவிலிருந்து கோடிக்கு ரேக் 75 மி.மீ. நகரும். வேலை 600 ஜூல் (முழுத் தூரமும் உச்ச விசை என்று எடுத்த மேல்கணக்கு). ஸ்டியரிங்கை ஒன்றரைச் சுற்று சுற்ற ஒரு நொடிக்கு மேல் ஆகும் என்பதால் 500 வாட் மோட்டார் சமாளிக்கும். குச்சியை 0.2 நொடியில் கோடிக்குத் தள்ளலாம். அப்போது 3,000 வாட். 12 வோல்ட்டில் 250 ஆம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் அளவு. ஆகவே ஒன்று சக்கரத்தின் வேகத்தைக் கட்ட வேண்டும், அல்லது 48 வோல்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே 62 ஆம்பியர்தான். வேகத்தைக் கட்டினால் குச்சி ஓரிடத்திலும் சக்கரம் ஓரிடத்திலும் இருக்கும் இடைவெளி வரும்; குச்சியிலும் மோட்டார் வைத்து, சக்கரம் வந்து சேரும் வரை கையைத் தடுப்பதே அதற்கு மருந்து.

ஒன்று போனால் இன்னொன்று

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 79-ஆம் எண் விதி ஸ்டியரிங்குக்கானது. இயந்திர இணைப்பு இல்லாத ஸ்டியரிங்குக்கு 2005-இல் அது கதவு திறந்தது. ஆனால் அந்த விதியின் அளவுகள் இன்னும் சக்கர உலகத்தவை. பயணிகள் காரில் 12 மீட்டர் ஆர வளைவுக்குள் 4 நொடியில் நுழைய 150 நியூட்டனுக்கு மேல் தேவைப்படக்கூடாது, பவர் உதவி போய்விட்டால் 20 மீட்டர் ஆரத்துக்கு 300 நியூட்டன் வரை போகலாம். 300 நியூட்டன் என்பது 30 கிலோ எடையைத் தூக்கும் விசை. பவர் ஸ்டியரிங் செத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டிவிடலாம் என்பது அதன் பொருள். குச்சியில் பல்லைக் கடித்துப் பயனில்லை. மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று.

ஆகவே பழுதானால் அணைந்துவிடும் அமைப்பு இங்கே உதவாது. பழுதான பிறகும் ஓட வேண்டும். குச்சியில் ஒவ்வொரு அச்சுக்கும் மூன்று சென்சார், இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை ஒதுக்கும் வாக்கெடுப்பு, இரட்டைச் சுருள் மோட்டார் அல்லது இரண்டு மோட்டார், இரண்டு கணினி, தனித்தனி வழியில் ஓடும் இரண்டு கேன் இணைப்பு (காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் ஒயர்), இரண்டு மின்மூலம். கார் மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையின் உச்சப் படியான ஏசில்-டி, இப்படிப்பட்ட அமைப்பில் எதேச்சையாக வரும் ஆபத்தான வன்பொருள் பழுது 10 கோடி மணிநேரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் சொதப்புவது பெரும்பாலும் கணினி அல்ல. மூன்று சென்சாருக்கும் ஒரே கிரவுண்டு ஒயர். மூன்றும் ஒரே கனெக்டரில். அந்த கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்தால் மூன்றும் ஒத்த குரலில் பொய் சொல்லும். வாக்கெடுப்பு அதை ஒருமனதாக நிறைவேற்றும்.

இன்ஃபினிட்டி க்யூ50 (2013) இதற்குப் பயந்து ஸ்டியரிங் தண்டை அப்படியே வைத்து நடுவில் ஒரு கிளட்ச் போட்டது. மின்னணு அமைப்பு கைவிட்டால் கிளட்ச் இறங்கி இயந்திர இணைப்பாகிவிடும். மூன்று கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒன்றையொன்று கண்காணித்தன. குச்சிக்கு இந்த மாற்றுவழி கிடையாது. 25 டிகிரி அசைவை இயந்திர முறையில் சக்கரத்தோடு கோர்த்தால் யாராலும் அசைக்க முடியாது.

எங்கே வேலை செய்கிறது

பெரிய வீல் லோடர்களில். கேட்டர்பில்லரின் 'ஸ்டிக்', வால்வோவின் சிடிசி நெம்புகோல் இரண்டும் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. லோடர் ஓட்டுபவர் மண்குவியலிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து குவியலுக்குமாக நாள் முழுவதும் வண்டியின் இடுப்பை மடக்கித் திருப்புகிறார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போகும் வேலை அது. குச்சியில் மணிக்கட்டோடு முடிகிறது. வேகமும் குறைவு. நம் கணக்கில் 10 கி.மீ. வரிசைதான் அங்கே முழு உலகம்.

அடுத்தது, சக்கரம் சுற்றக் கைவலிமை இல்லாதவர்கள். இங்கே ஜாய்ஸ்டிக் ஆடம்பரம் அல்ல, ஓட்டுவதா வேண்டாமா என்பதே அதைப் பொறுத்தது. ஜெர்மனியின் பாரவான் நிறுவனத்தின் 'ஸ்பேஸ் டிரைவ்', அமெரிக்காவின் ஈஎம்சி நிறுவனத்தின் 'ஏவிட்' இரண்டும் சாலையில் ஓடுபவை. பாரவானோடு ஷெஃப்ளர் நிறுவனம் 2018-இல் கூட்டு சேர்ந்தது. இவற்றில் பெரும்பாலும் அசல் ஸ்டியரிங்கைக் கழற்றுவதில்லை. தண்டோடு ஒரு மோட்டாரைக் கோர்த்து, பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் தனி சர்வோ வைத்து, குச்சியிலிருந்து ஆணை கொடுக்கிறார்கள். வீட்டில் வேறொருவர் ஓட்டவேண்டுமானால் அணைத்துவிட்டுச் சாதாரணமாக ஓட்டலாம். ஓட்டுநர் பக்க ஏர்பேகும் இருந்த இடத்திலேயே இருக்கும். சக்கரத்தை எடுத்துவிட்டு ஏர்பேகை எங்கே வைப்பது என்ற சிக்கலைத் தொடவே வேண்டாம்.

பொருத்துவதில் பாதிவேலை ஆளை அளப்பது. மணிக்கட்டு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி போகிறது, எவ்வளவு விசை போடமுடிகிறது, அரை மணிநேரம் கழித்து அந்த விசை எவ்வளவு குறைகிறது என்பதையெல்லாம் அளந்து அந்த ஒருவருக்கென்றே குச்சியின் எல்லையையும் இறுக்கத்தையும் அமைக்கிறார்கள். விரல் பிடிக்காதவருக்கு மணிக்கட்டை மூன்று பக்கமும் அணைக்கும் மும்முனைப் பிடி. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை; அது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, வளைவில் உடல் சாய்ந்து குச்சியைத் தள்ளாமல் இருக்கவும்தான். ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் முழங்கைப் பொத்தானுக்கோ தலையணைப் பொத்தானுக்கோ போகும், ஏனென்றால் குச்சி பிடித்த கை வேறு எதற்கும் கிடைக்காது.

மேசைமேல் செய்து பார்க்க

சாலையில் செய்ய வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மேலே சொன்ன காரணங்கள் போதும். மேசைமேல் செய்யலாம், நிறையப் புரியும்.

புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் சிறிய காரின் ஈபிஎஸ் (மின்மோட்டார் உதவும் பவர் ஸ்டியரிங்) தண்டுத் தொகுதி ஒன்று எடுங்கள். தண்டு, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி, கனெக்டர் நான்கும் ஒரே வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். கனெக்டரை ஒட்ட வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஒயர் ஒரு முழமாவது வேண்டும். 12 வோல்ட் பேட்டரி, 60 ஆம்பியர் ஃபியூஸ், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு அவசரப் பொத்தானால் விழும் ரிலே, ஹால் வகை (காந்தத்தால் அசைவை அளக்கும்) ஜாய்ஸ்டிக், தண்டின் முனையில் ஒரு காந்தக் கோணமானி, மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று.

ஒயர் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரில் போக இரண்டு வர இரண்டு என்று 4 மீட்டருக்கு 60 ஆம்பியர் ஓடினால் 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். பெட்டிக்கு 10.2 வோல்ட்தான் போய்ச் சேரும். அது 'பேட்டரி இறங்கிவிட்டது' என்று உதவியை நிறுத்திவிடும். 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும். ஈபிஎஸ் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பல தொகுதிகளில், தண்டைக் கை எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்கும் சென்சார் இரண்டு கோடுகளில் பேசும். கை படாதபோது இரண்டும் 2.5 வோல்ட், ஒரு பக்கம் திருப்பினால் ஒன்று ஏறும், மற்றது அதே அளவு இறங்கும். மைக்ரோகன்ட்ரோலர் இந்த இரண்டையும் போலியாகக் கொடுத்தால் பெட்டி யாரோ கைவைத்துத் திருப்புவதாக நம்பி மோட்டாரை ஓட்டும். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 5 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினால் பெட்டி பழுதென்று பூட்டிக்கொள்ளும். முதல்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன்னாலேயே இரண்டும் 2.5-இல் நிற்க வேண்டும், முதல் நொடியில் வரும் தாறுமாறான எண்ணையும் அது மன்னிக்காது. சில பெட்டிகள் எஞ்சின் ஓடும் சேதியும் வேகச் சேதியும் வராவிட்டால் மந்தமான அவசரநிலையில் வேலை செய்யும். சில அசையவே அசையாது. வாங்கும் முன் அந்த வகையின் ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜாய்ஸ்டிக் கேட்கும் கோணத்துக்கும் கோணமானி காட்டும் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போலி முறுக்காக்குவதுதான் நிரல். நொடிக்கு 200 முறை ஓடினால் போதும். முதலில் வித்தியாசத்துக்கு விகிதமான பகுதியை மட்டும் வையுங்கள். தண்டு இலக்கைத் தாண்டி ஆடத் தொடங்கினால் வேகத்துக்கு எதிரான தடுப்பைக் கூட்டுங்கள். வித்தியாசத்தை நொடிக்கு நொடி சேர்த்துவைக்கும் பகுதியைக் கடைசியில், மிகக் கொஞ்சமாக. தண்டு கோடியில் முட்டி நிற்கும்போது அது ஏறிக்கொண்டே போய், குச்சியைத் திருப்பிய பிறகும் பழைய பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும்; அதற்கு உச்சவரம்பு கட்டாயம். சுமையில்லாத தண்டில் எல்லாம் அழகாக வரும். அதை நம்ப வேண்டாம். தண்டின் முனையில் பழைய பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் மாட்டி இறுக்கிப் பாருங்கள், உராய்வு வந்ததும் அந்த அழகெல்லாம் எங்கே போகிறது என்று தெரியும்.

பிறகு மேலே சொன்ன வேகப் பட்டியலை நிரலில் ஏற்றி, ஒரு குமிழால் வேகத்தைப் போலியாகக் குறைத்துக்கொண்டே குச்சியை அசையாமல் பிடியுங்கள். தண்டு தானாகச் சுற்றத் தொடங்கும். காகிதத்தில் 126-உம் 31-உமாக இருந்த கணக்கு கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

கார்க் கம்பெனிகள் இப்போது போகும் பாதை வேறு. 2021-இல் டொயோட்டா பிஇசட்4எக்ஸ் காருக்காக அறிவித்த இணைப்பில்லா ஸ்டியரிங் பக்கத்துக்கு 150 டிகிரியோடு முடிந்தது. 2023 நவம்பரில் கைமாறத் தொடங்கிய டெஸ்லா சைபர்ட்ரக்கில் கோடிக்குக் கோடி சுமார் 340 டிகிரி. முன்சக்கரத்துக்கு இரண்டு மோட்டார், 48 வோல்ட் மின்சுற்று, இயந்திர இணைப்பு கிடையாது. கையை மாற்றிப் பிடிக்காமல் யூ-டர்ன் எடுக்கலாம். 1,080 டிகிரியை 50-க்கு மடிக்காமல் 300 சொச்சத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு கையும் எதிரெதிரே இருக்கின்றன, ஏர்பேகுக்கும் இடம் இருக்கிறது, உடல் சாய்ந்தால் சக்கரம் சுற்றுவதில்லை. குச்சியின் லாபத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

அடுத்தமுறை யாராவது ஜாய்ஸ்டிக் கார் ஓட்டிக் காட்டும் காணொளி கண்ணில் பட்டால், காலி மைதானத்தில் வட்டம் போடுவதையும் நெளிந்து நெளிந்து கூம்புகளைத் தாண்டுவதையும் பார்க்காமல் தள்ளிவிடுங்கள். வளைவின் நடுவில், 80-இல், குச்சி சாய்ந்திருக்கும்போதே பிரேக்கை அழுத்தும் காட்சி எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.